மூன்று விசில்

“பிடி” என்றார் கோமதிநாயகம்.

ஆறுமுகத்தாய் பிடித்தாள். சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். வலது கை விரல் நான்கும் முன்பிரேக் லீவரை இறுக்கிப் பிடித்திருந்தன. கீழே, முன்சக்கரத்தை ஒட்டி, மணைப்பலகையில் அவர் குந்தியிருந்தார். மேலிருந்து பார்த்தால் அவருடைய வழுக்கையும் எட்டாம் நம்பர் ஸ்பேனர் பிடித்த கையும்தான் தெரியும். இனி அவர் சக்கரத்தின் பக்கமிருக்கும் சின்ன நிப்பிளை அரைச்சுற்று திறப்பார். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று, பிரேக் ஆயிலோடு குமிழி விட்டுக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் இறங்கும். மூடுவார். “விடு” என்பார். அவள் விடுவாள். பிறகு மறுபடியும் நாலு தரம் அமுக்கு, பிடி, விடு. லீவர் கல்லாக நிற்கிறவரைக்கும் இதே பாட்டுதான்.

தேய்ந்த பேடுகளையும் வெடித்துப்போன பிரேக் ஹோஸையும் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டி முடித்தாகிவிட்டது. காற்றை எடுக்கிற வேலை ஒன்றுதான் பாக்கி. அதற்கு மட்டும் இரண்டு ஆள் வேண்டும். இந்த வண்டி வாங்கிய ஒன்பது வருஷத்தில் அந்த இரண்டாவது ஆள் எப்போதும் ஆறுமுகத்தாய்தான்.

எஞ்சினில் என்ன கோளாறு என்றாலும் கோமதிநாயகம் வாயைத் திறக்காமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவார். கிளட்ச், செயின், பேட்டரி எதிலும் அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. ஆனால் பிரேக்கில் மட்டும் இன்னொருத்தன் கை படக் கூடாது. அதற்கொரு காரணம் உண்டு. மகள் வந்தனாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, பழைய வண்டியை எவனோ ஒரு மெக்கானிக்கிடம் விட்டு எடுத்துக்கொண்டு மூன்று பேருமாகச் சயான் பாலத்தில் இறங்கினார்கள். பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் போன வெங்காயத் தள்ளுவண்டியில் போய் முட்டினார்கள். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆறுமுகத்தாயின் முன்பல்லில் ஒரு துண்டு போயிற்று. அந்தப் பல்லைக் காணும்போதெல்லாம் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்றிலிருந்து பிரேக் வேலை வீட்டு வேலையாகிவிட்டது, சட்னி அரைக்கிற மாதிரி.

“ஏங்க, கை வலிக்கு” என்றாள்.

பதில் இல்லை. பக்கத்து வீட்டு ரஞ்சனாவின் குக்கர் ஒரு விசில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதேகால் மணி. அக்டோபர் வெயில் இன்னும் ஆறடிச் சந்தாக ஓடிய அந்தக் கல்லிக்குள் இறங்கவில்லை. எதிர்ச்சுவரின் தகரத்தில் பட்டு மேலேயே நின்றது.

அவள் சிரித்துக்கொண்டாள். இது அவர் வழக்கமாகச் செய்கிற சேட்டை. வேலையின்போது மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். ஆனால் சமயம் பார்த்து ‘பிடி’க்கும் ‘விடு’வுக்கும் நடுவே இவளைத் தொங்கலில் விட்டுவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் பிடி என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். முக்குக் கடைக்குப் போய், இரண்டு கட்டிங் சாயா வாங்கிக்கொண்டு, வழியில் நின்று இரண்டு பேரிடம் பேசிவிட்டு வந்து, ஒரு கிளாஸை இவள் இடது கையில் கொடுத்துவிட்டு, “இப்ப விடு” என்றார். மொத்தக் கல்லியும் சிரித்தது. இவள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை, நாலாம் நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

“தூங்கிட்டியளா? இல்ல, சாயா வாங்கப் போற யோசனையா?”

இரண்டாவது விசில்.

“நான் விட மாட்டேன் பாத்துக்கிடுங்க. நீங்க சொல்லாம விட்டா காத்து உள்ள போயிரும், பொறவு என்னையத்தான் ஏசுவிய. நானும் உங்களுக்குப் பொண்டாட்டிதான். சாயங்காலம் வரைக்கும்னாலும் பிடிச்சுட்டு இருப்பேன்.”

விரல்கள் வெளுத்துவிட்டன. லீவர் கைப்பிடியோடு ஒட்டிக் கிடந்தது. கீழே எண்ணெய் சொட்டுகிற சத்தம் கேட்டது. நிப்பிள் திறந்தே இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது, ஆனால் அதன் அர்த்தம் புரியவில்லை. மூன்றாவது விசில் அடித்து அடங்கியது. அப்போதுதான் வண்டியின் தலையைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

கோமதிநாயகம் டயரில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. ஸ்பேனர் மட்டும் நிப்பிளிலேயே மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

*

பதினொன்றரை மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதன் நடுவில் அவரைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். முப்பத்தொரு வருஷம் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கட்டிங் மெஷினில் நின்ற மனிதர். ஞாயிற்றுக்கிழமையில்கூட அவர் இந்த நேரத்துக்குப் படுத்து இவள் பார்த்ததில்லை. தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. ஆண்டாப் ஹில்லில் இருந்து வந்த சித்தி, ஆறுமுகத்தாயைத் தன்மேல் சாய்த்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேத வீட்டின் சட்டதிட்டங்கள் அத்தனையும் அந்தச் சித்தியின் கையில். பெண்டாட்டிக்காரி விளக்கடியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, பிணம் வாசலைத் தாண்டும்வரை அவளும் தாண்டக் கூடாது என்பது அதில் முதல் சட்டம்.

“அழுதிரு தாயி” என்றாள் சித்தி. “அழாம இருக்காதட்டி. நெஞ்சுல கட்டிக்கிடும்.”

ஆறுமுகத்தாய்க்கு அழுகை வரவில்லை. அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு விரலின் உட்பக்கமும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. மூன்று விசில். குக்கர் ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் எவ்வளவு நேரம் எடுக்கும்? சோறு என்றால் ஒரு கணக்கு, பருப்பு என்றால் ஒரு கணக்கு. ரஞ்சனா என்ன வைத்திருந்தாள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. டாக்டர் வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “அந்த நிமிஷமே போயிடுச்சும்மா, யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது” என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் நல்ல மனிதர், எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்லுவார் என்று ஆறுமுகத்தாய் நினைத்துக்கொண்டாள். வண்டிமேல் உட்கார்ந்துகொண்டு தான் கேலி பேசியது அந்த டாக்டருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

கல்லியில் நாற்காலி போடுவதற்காக இடத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். ரஞ்சனா ஒரு மணி நேரம் முன்பே அங்கே முதுகு ஒடிய வேலை செய்துவிட்டாள். மராட்டிக்காரி, இருபது வருஷப் பழக்கம். ஒரு கேத வீட்டு வாசலில் ஸ்பேனரும் எண்ணெயும் இறைந்து கிடந்தால் அவளுக்குத் தாங்காது. ஸ்பேனரைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினாள். கீழே கிடந்த சின்ன ரப்பர்த் தொப்பி எங்கே பொருந்துகிறது என்று தேடிப் பார்த்து, அதை நிப்பிளின் தலையில் கச்சிதமாகப் போட்டாள். சிந்திய எண்ணெயைச் சாம்பல் போட்டுத் துடைத்தாள். அழுதுகொண்டே வண்டியையும் ஒரு துடை துடைத்துச் சுவரோரம் நிறுத்தினாள். ஒன்பது வருஷத்து வண்டி அன்றைக்குப் போல என்றைக்கும் பளிச்சென்று நின்றதில்லை.

வெளியே வண்டியைக் கிக் அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு உதை. இரண்டாவது உதையில் ஒரு இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

‘ஹெல்மெட் எடுத்தாவளா?’ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அந்தச் சத்தத்துக்கு ஒன்பது வருஷமாக அவள் மனது கேட்கிற கேள்வி அது. அப்புறம்தான் எதிரே கிடந்தவரைப் பார்த்தாள்.

“யாரு வண்டிய எடுக்கா?”

“நயினாருதான்” என்றாள் சித்தி. நயினார் ஆறுமுகத்தாயின் தம்பி. “டாக்டரு ஒரு மணிக்கு மூடிருவாராம்லா. சர்ட்டிபிகேட் வாங்கலைன்னா சயான் சுடுகாட்டுல எடுக்க மாட்டாவளாம். பிள்ள கையெழுத்து வேணும்னு வந்தனாவையும் பின்னால ஏத்திட்டுப் போறான். நீ ஒண்ணையும் யோசிக்காத.”

ஆறுமுகத்தாய் எழுந்தாள். எழ முடியவில்லை. சித்தி கையைக் கோத்திருந்தாள்.

“விடு சித்தி. அந்த வண்டியில பிரேக் இல்ல.”

“என்னது?”

“முன்பிரேக் இல்ல. காத்து எடுக்கல. நயினாரு! ஏலேய் நயினாரு! எடுக்காதல!”

“ஆத்தி, பிரேக்குங்காளே!” என்றாள் சித்தி மற்றவர்களைப் பார்த்து. “புருசன் கடேசியா பாத்த வேல. அதையே நெனச்சு எம் பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சுட்டே!”

அவ்வளவுதான். காலையிலிருந்து அழாதவள் வாய் திறந்துவிட்டாள் என்ற ஆறுதலில் பன்னிரண்டு பெண்களும் ஒரே மூச்சில் குரல் எடுத்தார்கள். இவள் ‘பிரேக் இல்ல, பிரேக் இல்ல’ என்று கத்துவது அவர்களுக்கு ஒப்பாரியாகவே கேட்டது. கத்தக் கத்த இன்னும் பாசமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி இடுப்பைக் கட்டினாள், ஒருத்தி தலையைத் தடவினாள். வெளியே எஞ்சின் சத்தம் மெதுவாக நகர்ந்தது.

பின்பிரேக் தேய்ந்து, முக்கால்வாசி மிதித்தால்தான் கொஞ்சம் பிடிக்கும். அடுத்த ஞாயிறு அதைப் பார்க்கலாம் என்று அவர்தான் சொல்லியிருந்தார். கல்லி முடிந்தால் மெயின் ரோடு. பஸ்ஸும் டெம்போவும் போய்க்கொண்டே இருக்கும். நயினார் முன்பிரேக்கை நம்பித்தான் போவான். பின்னால் என் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவும் ஒரு நொடியில் மனதில் ஓடியது. மரியாதை பார்க்க நேரமில்லை. சித்தியின் மணிக்கட்டில் பல்லை வைத்தாள். சித்தி அலறிக்கொண்டு கையை எடுத்தாள், மற்றவர்கள் பிடியும் தளர்ந்தது. ஆறுமுகத்தாய் விளக்கைத் தாண்டி, வாசலைத் தாண்டி, முதல் சட்டத்தையும் தாண்டிக் கல்லியில் விழுந்தடித்து ஓடினாள்.

வெறுங்கால். தலை அவிழ்ந்து கிடந்தது. வாசலில் நின்ற ஆண்கள் விலகிக்கொண்டார்கள், ஒருவருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. நல்லவேளை, கல்லி முனையில் வாடகை நாற்காலிகளை அடுக்கோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். நயினார் இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றி வண்டியை அவற்றுக்கு நடுவே நகர்த்திக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தனா இருந்தாள். நாற்காலிக்காரன் ஒதுங்கினான். நயினார் காலைத் தூக்கி வைத்து ஆக்சிலேட்டரைத் திருகினான்.

“நயினாரு! நில்லுல!”

அக்காவின் குரல் கேட்டதும் அவன் பிரேக்கைப் பிடித்தான். லீவர் ஒன்றுமில்லாததுபோல் கைப்பிடிக்குப் போய் ஒட்டியது. வண்டி நிற்கவில்லை. மெயின் ரோட்டுக்குள் முன்சக்கரம் இறங்கியது. ஆறுமுகத்தாய் பின்கம்பியை இரண்டு கையாலும் எட்டிப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். வந்தனா கீழே குதித்தாள். நயினார் செருப்பைத் தேய்த்துக் காலை ஊன்றினான். மூன்று பேர் பலத்தில் வண்டி நின்றது. அவர்கள் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் சிவப்புப் பஸ் ஒன்று முழு நீளத்துக்கும் கடந்து போயிற்று.

நயினார் லீவரை மறுபடி அமுக்கிப் பார்த்தான். மறுபடியும். நாற்பத்தைந்து வயசு ஆம்பிளையின் உதடு வெளுத்துவிட்டது.

“அக்கா, எல்லாம் புதுசால்லா தெரிஞ்சுது.”

“புதுசுதாம்ல. காத்து எடுக்கல. அதுக்குள்ள அவ்வொ...”

அந்த வாக்கியம் முடியவில்லை. அவள் குனிந்து சாவியைத் திருகி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து, மகளின் இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை சத்தமாகவே வந்தது. பின்னாலேயே ஓடிவந்த சித்தி, கடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டு, அவள் தலையை முடிந்துவிட்டாள்.

“இந்தச் சனியன பங்காரு கடையில போடுங்க” என்றான் நயினார், வண்டியை விட்டு இறங்கி. “அத்தானக் கொண்டுபோச்சு. இன்னும் ரெண்டு பேரக் கேக்கு.”

“பழைய இரும்புக்குப் போட அது என்ன செய்துச்சு, மாமா?” என்றாள் வந்தனா. “சலோ, டாக்ஸில போவோம். டைம் ஆகுது.”

*

மூன்று மணிக்குக் குளிப்பாட்டும் தண்ணீருக்காக நீர்மாலை எடுத்துவந்தார்கள். கல்லிக் குழாயில் அந்த நேரத்துக்குத் தண்ணீர் வராது. நாலு வீட்டு டிரம்மிலிருந்து செம்பிலும் குடத்திலும் மொண்டு, வேட்டியைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்து, முறைப்படி கல்லியைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். குளிப்பாட்டுமுன் ஒவ்வொருவராக அவர் தலையில் எண்ணெய் வைத்தார்கள். ஆறுமுகத்தாயின் முறை வந்தது. கிண்ணத்தில் மூன்று விரல் நுனியை நனைத்து அந்த வழுக்கையில் வைத்தாள். வெயிலில் காய்ந்து காய்ந்து சூடேறியே இருக்கும் தலை, இப்போது கிண்ணத்து எண்ணெயை விடக் குளிர்ந்திருந்தது.

எண்ணெய்க் கை என்றால் மனிதருக்கு ஆகாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு அவள் வண்டிப் பக்கம் போனாலே கத்துவார். “ஏளா, அந்தக் கையோட டிஸ்க்கத் தொட்றாத. ஒரு சொட்டு பட்டாலும் பிரேக்கு வழுக்கும்!” ஒரு தடவை துடைக்கிறேன் பேர்வழி என்று தேங்காயெண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்து வைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. விரலைச் சேலையில் துடைக்காமல் தூக்கிப் பிடித்தபடியே வந்து உட்கார்ந்தாள்.

கொள்ளி வைக்க அவருடைய அண்ணன் மகன் அம்பர்நாத்திலிருந்து வந்துவிட்டான். நாலு மணிக்குத் தூக்கினார்கள். கல்லியில் பாடையைத் திருப்ப முடியவில்லை, திரும்பத் தள்ளிவந்து வைத்த வண்டி இடைஞ்சலாக நின்றது. நயினாரும் இன்னொருவரும் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, பாடையைச் சாய்த்துக் கொண்டுபோனார்கள். போகிற வழியில் அவருடைய காலில் கிடந்த சாமந்தி மாலை வண்டியின் கண்ணாடியில் மாட்டி, ஒரு பூ அங்கேயே நின்றுவிட்டது.

*

வீட்டைக் கழுவி, எல்லாரும் தலை முழுகி முடித்தார்கள். உறவுக்காரப் பெண்கள் ரஞ்சனா வீட்டில் சாயா குடிக்கப் போனார்கள். சித்தி விளக்கின் பக்கத்திலேயே சுருண்டு படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தாள். ஆறுமுகத்தாய் வாசலில் உட்கார்ந்து கை கழுவினாள். துணி சோப்பைப் போட்டு ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. மூன்றாவது தடவை கழுவும்போது வந்தனா ஈரத்தலையோடு வந்து நின்றாள். அவள் செம்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் பேசுகிற வேலை, வீட்டுக்கு வந்தால் பேச மாட்டாள். அந்த விஷயத்தில் அப்படியே அப்பா.

“அந்தப் பெட்டிய எடு” என்றாள் ஆறுமுகத்தாய். “ஆயிலு பாதி இருக்கும். குழாயும் அதுலதான்.”

“அரே, இப்பவா? இன்னிக்கே எதுக்கும்மா?”

“ஒருத்தன் எடுத்துட்டான்லா. நாளைக்கு இன்னொருத்தன் எடுப்பான். பாக்க எல்லாம் சரியா இருக்கு. நான் எத்தன பேரு பின்னால ஓட? அது அரையும் குறையுமா நிக்கையில என்னால உள்ள போயி உக்கார முடியாது.”

வந்தனா பெட்டியை எடுத்து வந்தாள். சொல்லித் தர ஒன்றுமில்லை. சின்ன வயதிலிருந்து பக்கத்தில் நின்று டார்ச் அடித்தவள். மணைப்பலகையைப் போட்டு, ரப்பர்த் தொப்பியைக் கழற்றிக் குழாயை மாட்டினாள். நிப்பிளை இறுக்கினாள். மேலே ஹேண்டில்பாரில் இருந்த டப்பாவைத் திறந்து ஆயிலை ஊற்றினாள். ஆறுமுகத்தாய் சேலையைச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். நாலு தரம் அமுக்கினாள். லீவர் துணியைப் பிழிகிற மாதிரி கொழகொழவென்று போயிற்று.

“பிடி” என்றாள் வந்தனா.

பிடித்தாள். கீழே ஈரக்கூந்தலும் ஸ்பேனர் பிடித்த கையும் தெரிந்தன. நிப்பிள் இறுகியிருந்தது போலும், வந்தனா மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். சத்தமில்லை. ரஞ்சனா வீட்டில் சாயாக் கிளாஸ்கள் உரசின.

“வந்தனா?”

பதில் இல்லை.

“ஏட்டி! வந்தனா!”

லீவரை விட்டுவிட்டுக் குதித்தாள். காலில் ஸ்டாண்டு இடித்தது. மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். வந்தனா ஒன்றும் புரியாமல் விழித்தாள். திறந்திருந்த நிப்பிள் குழாயிலிருந்த ஆயிலையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது.

“காத்து உள்ள போயிருச்சும்மா. விடுன்னு நான் சொல்லவே இல்லியே.”

ஆறுமுகத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“மூணு விசிலுட்டி.”

“என்ன விசில்?”

“ரஞ்சனா வீட்டுக் குக்கரு. அவ்வொ பிடின்னாவ, நான் பிடிச்சேன். மூணு விசில் அடிக்க வரைக்கும் நான் மேலதான் உக்காந்திருந்தேன். வெளையாடுதாவன்னு நெனச்சேன். சாயா வாங்கப் போறியளான்னு கேலி பேசுனேன். சாயங்காலம் வரைக்கும் பிடிப்பேன்னு சொன்னேன். மொத விசிலுக்கே எறங்கியிருந்தா தூக்கி ஒக்கார வச்சிருப்பேன், தண்ணி குடுத்திருப்பேன், யாரையாவது கூப்பிட்டிருப்பேன். நான் லீவரப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன், வந்தனா.”

வந்தனா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டாள். 

“கடேசியா அப்பாவுக்குக் காதுல விழுந்தது உன் கேலிதானா?” என்றாள்.

“ஆமா.”

“அப்போ சிரிச்சிருப்பாரும்மா. உள்ளுக்குள்ள. வெளிய காட்ட மாட்டாரு இல்ல.”

ஆறுமுகத்தாய் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, முகத்து எண்ணெய் கையில் பட்டுவிடுமோ என்று தோன்றி, முழங்கையால் துடைத்துக்கொண்டாள். வண்டியைப் பிடித்து எழுந்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

“பிடி” என்றாள் வந்தனா. உடனே சேர்த்துக்கொண்டாள்: “இருக்கேம்மா. ஸ்பேனர் வச்சிட்டேன். தொறக்கிறேன். டைட்டா இருக்கு, இரு, இரு... தொறந்துட்டேன். வருது. பப்பிள் வருது, நிறைய வருது. மூடறேன். மூடிட்டேன். விடு.”

விட்டாள். நாலு தரம் அமுக்கினாள்.

“பிடி. இருக்கேன். நயினார் மாமா மூஞ்சியப் பாத்தியா இன்னிக்கு? பஸ் போனதும் கோலமாவு பூசின மாதிரி ஆயிட்டாரு. தொறந்துட்டேன். பாவம், டாக்ஸியில என் கையவே விடல. வருது. மூடிட்டேன், விடு.”

“பிடி. இருக்கேன். சித்தி ஆச்சி கைக்கு மருந்து போட்டேன். உன் ஒடஞ்ச பல்லு அச்சு அப்படியே விழுந்திருக்கு, தெரியுமா? பார்க்கிறவங்க எல்லார்ட்டயும் காட்டுறாங்க. வருது வருது. விடு.”

டப்பாவில் ஆயில் குறைய, வந்தனா எழுந்து ஊற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைக் காணோம் என்று சண்டை போட்ட கதையைச் சொன்னாள். சாயந்தர ஹார்பர் லைன் ரயிலில் யாரோ ஒருத்தி முழுப் பலாப்பழத்தோடு ஏறிய கதையைச் சொன்னாள். இந்தப் பெண் இவ்வளவு பேசுவாள் என்று அவளைப் பெற்றவளுக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏழாவதோ எட்டாவதோ தரம் அமுக்கும்போது லீவர் பாதியிலேயே நின்றது. ஆறுமுகத்தாய் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. கல்லாக நின்றது. குழாயில் குமிழி இல்லை. வேலை முடிந்துவிட்டது.

அவள் அதைச் சொல்லவில்லை. கல்லி முனையில் சயானுக்குப் போன ஆண்கள் ஈரத்தலையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடியில் மாட்டியிருந்த சாமந்திப் பூ அப்படியே இருந்தது. கீழே வந்தனாவும் நிப்பிளை இறுக்கி, ரப்பர்த் தொப்பியைப் போட்டு, ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டிருந்தாள். மணைப்பலகையிலிருந்து எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து காய்ந்த துணியால் டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டே, “இருக்கேம்மா, அப்புறம் என்ன ஆச்சுன்னா, அந்தப் பலாப்பழக்காரி குர்லா வந்ததும்...” என்று பேசிக்கொண்டிருந்தாள்.